நியூட்ரல் எர்த் பட்டையில் 19 ஆம்பியர்: சமனற்ற சுமைதான் காரணமா?

பனியன்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் வட்டாரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மின் பராமரிப்பைப் பார்த்துவருகிறேன். எங்களிடம் இருப்பது 11 கே.வி./433 வோல்ட், 500 கே.வி.ஏ., டெல்டா-ஸ்டார் மின்மாற்றி (11 கே.வி. பக்கச் சுருள்கள் முக்கோணமாகவும், 433 வோல்ட் பக்கச் சுருள்கள் ஒரு பொது முனையில் சேரும்படியும் இணைந்தது; அந்தப் பொது முனையே ஸ்டார் முனை, அதிலிருந்து வருவதே நியூட்ரல்). முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 667 ஆம்பியர். மாலை ஷிப்டில் எல்லா விளக்குகளும் எரியும் நேரத்தில் ஸ்டாண்ட்பை எர்த் ஃபால்ட் ரிலே (மின்கசிவுப் பழுதைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் கருவி) அவ்வப்போது டிரிப் ஆகிறது. ரிலேக்கான சி.டி. (மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குக் கொடுக்கும் சிறு மின்மாற்றி) 800/5, மின்மாற்றியின் நியூட்ரல் புஷ்ஷிங்கை (வெளிமுனையை) ஒட்டி, எர்த் பட்டை பிரிவதற்கு முன்பாகவே மாட்டப்பட்டுள்ளது. ரிலேயின் அமைப்பு (அது செயல்படத் தொடங்கும் அளவு) 20 சதவீதம், அதாவது 160 ஆம்பியர்.

டாங் டெஸ்டரில் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவியில்) கண்ட அளவுகள்: ஆர் ஃபேஸ் 410, ஒய் ஃபேஸ் 365, பி ஃபேஸ் 290, பேனலுக்குப் போகும் நியூட்ரல் பஸ்பாரில் 138 ஆம்பியர். நியூட்ரலிலிருந்து இரண்டு எர்த் குழிகளுக்குப் போகும் பட்டைகளில் ஒன்றில் 17, மற்றொன்றில் 2 ஆம்பியர். குழிகளின் தடையை மழைக்குப் பின் அளந்தபோது ஒவ்வொன்றும் 2.4 ஓம் அளவில் இருந்தது.

சமனற்ற மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்குவது இயல்புதான், இன்னும் இரண்டு குழிகள் வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்ததாரர். குழி வெட்டும் முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

பழைய ரிலே:

குழி வெட்டுவதைச் சற்று நிறுத்திவையுங்கள், நண்பரே. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் நியூட்ரலைப் பார்ப்போம். மூன்று ஃபேஸ்களின் பவர் ஃபேக்டரும் ஏறத்தாழ ஒன்று என்று கொண்டு, மூன்று மின்னோட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றை இரண்டிரண்டாகப் பெருக்கி வரும் மூன்று தொகைகளையும் அதிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் நியூட்ரல் மின்னோட்டம் கிடைக்கும். உங்கள் அளவுகளுக்கு அது 105 ஆம்பியர். ஆனால் ஸ்டார் முனைக்குத் திரும்புவது 138உம் 19உம் சேர்ந்து ஏறத்தாழ 157 ஆம்பியர். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை, பிறகு பேசலாம். ரிலே ஏன் டிரிப் ஆகிறது என்பதற்கு மட்டும் இப்போதே விடை சொல்லிவிடலாம். அந்த சி.டி. பார்ப்பது எர்த் ஃபால்ட்டை மட்டுமல்ல, திரும்பிவரும் நியூட்ரல் மின்னோட்டம் முழுவதையும். 160இல் அமைப்பு, 157இல் அன்றாடச் சுமை என்றால் மாலையில் நாலு விளக்கு கூடுதலாக எரிந்தாலே போதும்.

இப்போது அந்த 19 ஆம்பியர். சுமை சமனற்று இருப்பதால் மட்டும் மண்ணுக்குள் மின்னோட்டம் போகாது. சமனற்ற மின்னோட்டம் ஸ்டார் முனையிலிருந்து புறப்பட்டு ஸ்டார் முனைக்கே திரும்ப வேண்டும்; அதற்காகப் போடப்பட்ட வழிதான் நியூட்ரல். நியூட்ரலும் எர்த்தும் மின்மாற்றியடியில் ஒரே இடத்தில் இணைந்திருந்தால், எர்த் பட்டை வழியாக ஒரு சுற்று மூடுவதற்கு இடமே இல்லை. சுமை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் பட்டையில் சிறு கசிவு மின்னோட்டத்துக்கு மேல் காண முடியாது. பட்டையில் 19 ஆம்பியர் இருக்கிறதென்றால், ஆலைக்குள் வேறெங்கோ நியூட்ரலும் எர்த்தும் இரண்டாம் முறையாக இணைந்திருக்கின்றன என்று பொருள்.

17க்கும் 2க்கும் உள்ள வேறுபாடும் இதையே சொல்கிறது. ஒரே தடையுள்ள இரண்டு குழிகள் மண் வழியாக மின்னோட்டத்தை எடுத்திருந்தால், இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருந்திருக்கும். ஒரு பட்டை ஆலையின் எர்த் வலையோடு நேராகவும், மற்றொன்று சுற்றுவழியாகவும் இணைந்திருக்கும்போதுதான் இப்படிப் பிரியும்.

---

மேட்டூர்க்காற்று:

பழைய ரிலே ஐயாவுக்கு வணக்கம். ஒன்றை மறுக்க விரும்புகிறேன். மண் நன்றாகவே மின்னைக் கடத்தும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒற்றைக் கம்பியை மட்டும் இழுத்து, திரும்பும் வழியாக மண்ணையே பயன்படுத்தி ஊர் ஊராக மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, சமனற்ற மின்னோட்டத்தின் ஒரு பங்கு மண் வழியே திரும்புகிறது என்று ஒப்பந்ததாரர் சொல்வதில் என்ன தவறு? மேலும் நமது பாதுகாப்பு விதிகளே நியூட்ரலைத் தனித்தனியான இரண்டு இணைப்புகளால் எர்த் செய்யச் சொல்கின்றனவே?

---

பழைய ரிலே:

நல்ல கேள்வி. அந்த ஒற்றைக் கம்பி முறையை 1925 வாக்கில் நியூசிலாந்தில் லாயிட் மாண்டெனோ உருவாக்கினார்; ஆஸ்திரேலியாவில் அது பெருமளவில் பரவியது. ஆனால் அங்கே கம்பியில் இருப்பது 12.7 அல்லது 19.1 கே.வி. ஒரு பண்ணைக்கு 25 கே.வி.ஏ. கொடுக்க 19.1 கே.வி.யில் 1.3 ஆம்பியர் போதும். எர்த் தடை 5 ஓம் என்றாலும் அதில் இழக்கும் அழுத்தம் ஏழு வோல்ட்டுக்குள்தான். அதே 25 கே.வி.ஏ.யை 230 வோல்ட்டில் மண் வழியாகத் திருப்ப முயன்றால் 109 ஆம்பியர் வேண்டும். 5 ஓம் தடைக்கு 540 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும், நம்மிடம் இருப்பதோ 230. மண் கடத்துகிறது என்பது உண்மை. தாழ்வழுத்தத்தில், பக்கத்திலேயே செம்போ அலுமினியமோ ஓடிக்கொண்டிருக்கும்போது, அது கடத்தும் அளவு பொருட்படுத்தத் தக்கதல்ல.

இரண்டு எர்த் இணைப்புகள் பற்றி: மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 2010இல் வந்தவையானாலும் அதன் இடத்தில் 2023இல் வந்தவையானாலும், கேட்பது நியூட்ரலிலிருந்து குறைந்தது இரண்டு தனி இணைப்புகள். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இரண்டும் ஒரே ஸ்டார் முனையிலிருந்து புறப்படுவதால் இதனால் சுமை மின்னோட்டத்துக்கு மாற்றுவழி எதுவும் உண்டாவதில்லை. ஆலைக்குள்ளிருக்கும் டி.பி.யில் (மின்பகிர்வுப் பெட்டியில்) நியூட்ரல் பட்டியையும் பெட்டியின் உலோக உடலையும் இணைப்பது வேறு சங்கதி.

பனியன்பேட்டை நண்பர் வாதத்தை நம்ப வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். குழிகளிலிருந்தும் புதைந்த பட்டைகளிலிருந்தும் விலகி, 25 அல்லது 30 மீட்டர் தள்ளி, வெற்று மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதற்கும் 17 ஆம்பியர் ஓடும் எர்த் பட்டைக்கும் இடையே உள்ள அழுத்தத்தை அளந்து பாருங்கள். அந்த 17 ஆம்பியர் 2.4 ஓம் குழி வழியாக மண்ணில் இறங்குவது உண்மையானால் 40 வோல்ட் காட்ட வேண்டும்.

---

பனியன்பேட்டை:

அளந்துவிட்டேன். பின்புற வேலியோரம் கம்பி அடித்தோம்; மாலை ஷிப்டு முழுச்சுமையில் ஓடும்போது 0.7 வோல்ட். பட்டையில் அதே நேரத்தில் 17 ஆம்பியர்.

---

பழைய ரிலே:

0.7ஐ 2.4ஆல் வகுத்தால் 0.3 ஆம்பியர். உங்கள் குழி மண்ணுக்குள் அனுப்புவது அவ்வளவுதான். மீதி முழுவதும் உலோகத்தின் வழியாகவே, அதாவது எர்த் வலை, பேனல் உடல்கள், கேபிள் ஆர்மர் (கேபிளைச் சுற்றிய உலோகக் கவசம்) வழியாகவே போய்வருகிறது. நூறு குழி வெட்டினாலும் அதில் ஒரு ஆம்பியர்கூடக் குறையாது.

---

யாழ்_மின்னியல்:

இணைப்பு எங்கே இருக்கிறது என்று தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள், அண்ணா. ஒவ்வொரு ஃபீடரிலும் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிளிலும்) மூன்று ஃபேஸ்களையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து டாங் டெஸ்டரின் வாய்க்குள் விட வேண்டும். போனதும் வந்ததும் சமமானால் பூச்சியம் காட்டும். பூச்சியம் காட்டாத ஃபீடரின் பின்னால்தான் இணைப்பு இருக்கும். ஆனால் ஆர்மருள்ள கேபிளை அப்படியே முழுதாகப் பிடிக்கக் கூடாது. இரு முனையிலும் எர்த் செய்யப்பட்ட ஆர்மர் வழியாகவே தவறிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி திரும்பும். அதையும் சேர்த்துப் பிடித்தால் கழிந்துபோய்க் குறைவாகக் காட்டும். கிளாண்டுக்கு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துப் பிடிப்புக்கு) மேலே, கோர்கள் (உள்கம்பிகள்) பிரிந்து லக்குக்கு (கம்பியின் முனையில் மாட்டும் உலோக முனைக்கு) போகும் இடத்தில் பிடியுங்கள். வாய் போதாவிட்டால் வளையும் கயிறு போன்ற பெரிய சென்சார் வாடகைக்குக் கிடைக்கும்.

இலங்கையில் வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. (போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் சமமாகாவிட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பதால் இந்தத் தவறு ஒளிந்திருப்பது அரிது. ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் நியூட்ரலும் எர்த்தும் தொட்டால், சிறிது சுமை ஏறியவுடனே அது விழுந்துவிடும். ஆலைகளில் பெரிய ஃபீடர்களுக்கு அந்தக் காவல் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

---

பனியன்பேட்டை:

கிடைத்துவிட்டது. தையல் கூடத்தின் விளக்கு டி.பி.க்குப் போகும் ஃபீடரில் நான்கு கோர்களையும் சேர்த்துப் பிடித்தபோது 15 ஆம்பியர் காட்டியது. அந்த டி.பி.யில் நியூட்ரல் பட்டியின் கடைசித் திருகிலிருந்து உடலின் எர்த் போல்ட்டுக்கு, பச்சை உறை போட்ட 6 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு ஜம்பர். வயரின் உறை ஓரிடத்தில் பழுப்பேறியிருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

மின்தடைக்கு அனுமதி வாங்கி ஜம்பரை எடுத்த பிறகு, அந்த ஃபீடரின் நியூட்ரல் 40 ஆம்பியரிலிருந்து 55க்கு ஏறியது. மின்மாற்றியடியில் பட்டைகளின் கூட்டு மின்னோட்டம் 19இலிருந்து 4க்கு இறங்கியது. ஆனால் ரிலே மறுநாளும் டிரிப் ஆனது. மீதமுள்ள 4 ஆம்பியருக்கும் காரணம் பிடிபடவில்லை.

---

பழைய ரிலே:

ரிலே டிரிப் ஆனதில் வியப்பில்லை. ஜம்பரை எடுத்ததால் பட்டையில் போன மின்னோட்டம் நியூட்ரலுக்கு இடம்மாறியிருக்கிறதே தவிர, ஸ்டார் முனைக்குத் திரும்பும் மொத்தம் மாறவில்லை. புஷ்ஷிங்கில் இருக்கும் சி.டி. முன்பு பார்த்த 157ஐத்தான் இப்போதும் பார்க்கிறது.

ஜம்பரை எடுத்தது வீண்வேலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த ஃபீடரின் கேபிள் என்ன அளவு?

---

பனியன்பேட்டை:

மூன்றரை கோர், 70 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், நியூட்ரல் 35. நீளம் 80 மீட்டர் இருக்கும்.

---

பழைய ரிலே:

35 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் தடை கிலோமீட்டருக்கு 0.87 ஓம், 80 மீட்டருக்கு 0.07 ஓம். 40 ஆம்பியருக்கு அதில் 2.8 வோல்ட் இறங்கும். அதே 2.8 வோல்ட்டுதான் அந்த நியூட்ரலுக்கு இணையாக நின்ற ஆர்மரிலும் எர்த் பட்டையிலும் 15 ஆம்பியரை ஓட்டியிருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. பாதி அளவுள்ள அந்த நியூட்ரலின் லக் என்றாவது தளர்ந்து அறுந்திருந்தால், 55 ஆம்பியரும் சத்தமில்லாமல் அந்த 6 சதுர மில்லிமீட்டர் வயர் வழியாகவும் பேனல் உடல்கள் வழியாகவும் ஓடியிருக்கும். விளக்குகளும் வழக்கம்போல் எரிந்திருக்கும். உடைந்த நியூட்ரலை மறைத்துவைப்பதுதான் இத்தகைய ஜம்பரின் வேலை. பிறகு ஒரு நாள் யாராவது அந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால், கழற்றுபவரின் இரண்டு கைகளுக்கும் இடையே சுமையின் அழுத்தம் நிற்கும்.

ஜம்பர் இல்லாமல் நியூட்ரல் அறுந்தால் நடப்பது நமக்குப் பழக்கமானது. ஆர் ஃபேஸில் 200 வாட், ஒய் ஃபேஸில் 2000 வாட் சுமை மட்டும் இருக்கிறதென்று கொள்ளுங்கள். நியூட்ரல் போனவுடன் இரண்டும் தொடராக 400 வோல்ட்டுக்குக் குறுக்கே நிற்கும். சிறிய சுமையின் மேல் 364 வோல்ட் ஏறும், பெரியதன் மேல் 36தான் மிஞ்சும். தெருவில் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் கூட்டமாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஜம்பரை எடுத்துவிட்டீர்கள் என்பதால், அந்த நியூட்ரல் லக்குகளை உடனே புதிதாகக் கிரிம்ப் செய்து இறுக்கிவிடுங்கள்.

---

நூற்பாலை:

முதலில் ஒதுக்கிவைத்த 105க்கும் 157க்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன். கிளச் மோட்டார்களை எடுத்துவிட்டுத் தையல் இயந்திரங்களுக்கெல்லாம் சர்வோ மோட்டார் போட்டுவிட்டீர்களா? விளக்குகள் எல்.இ.டி.யா?

---

பனியன்பேட்டை:

ஆம், இரண்டும் மாறிவிட்டன. சர்வோக்கள் எல்லாமே சிங்கிள் ஃபேஸ்.

---

நூற்பாலை:

அப்படியானால் அது மூன்றாம் ஹார்மோனிக், அதாவது 50 ஹெர்ட்ஸின் மூன்று மடங்கான 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். சர்வோ டிரைவும் எல்.இ.டி. டிரைவரும் உள்ளே வரும் மின்சாரத்தை ரெக்டிஃபையர் வழியாக நேர்திசை மின்னோட்டமாக மாற்றி மின்தேக்கியில் நிரப்புகின்றன. அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைக் கடித்து எடுப்பதால் மூன்றாம் ஹார்மோனிக் பெருகுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டங்கள் மூன்று ஃபேஸ்களிலும் 120 பாகை விலகி நிற்பதால் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மூன்றாம் ஹார்மோனிக்குக்கு அந்த 120 பாகை 360 ஆகிவிடுகிறது. மூன்றும் ஒரே கட்டத்தில் நின்று, நியூட்ரலில் அப்படியே கூடும்.

157இன் வர்க்கத்திலிருந்து 105இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 117 ஆம்பியர். ஃபேஸ் ஒன்றுக்கு 39. உங்கள் சராசரி ஃபேஸ் மின்னோட்டமான 355இல் இது 11 சதவீதம். இப்படிப்பட்ட கலப்புச் சுமைக்கு நம்பத் தகுந்த அளவுதான்.

இதனால் வரும் விளைவைப் பாருங்கள். நாளையே சுமைகளை மாற்றிப் போட்டு மூன்று ஃபேஸ்களையும் 355இல் சமன்செய்தாலும் நியூட்ரல் பூச்சியம் ஆகாது; 157இலிருந்து 117க்குத்தான் இறங்கும். ஹார்மோனிக்கைச் சமன்செய்தல் தொடுவதே இல்லை. சர்வோவும் எல்.இ.டி.யும் மட்டுமே உள்ள தையல் கூட ஃபீடர்களில் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். அங்கே நியூட்ரல் மின்னோட்டம் ஃபேஸ் மின்னோட்டத்தை விஞ்சக்கூடும், தத்துவத்தில் 1.73 மடங்கு வரை போகலாம். அத்தகைய ஃபீடருக்கு மூன்றரை கோர் கேபிள் பொருந்தாது. மூன்றாம் ஹார்மோனிக் 33 சதவீதத்தைத் தாண்டினால், ஃபேஸை விட்டுவிட்டு நியூட்ரல் மின்னோட்டத்தை வைத்தே கேபிளின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வழிகாட்டல். சர்வோ வாங்கிய நாளில் மின்சாரக் கட்டணம் குறையும் என்று சொன்னவர்கள் கேபிளைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

---

மேட்டூர்க்காற்று:

இந்தச் சமனின்மை 11 கே.வி. பக்கம் போய், அங்குள்ள எர்த் ஃபால்ட் ரிலேயையும் தொந்தரவு செய்யாதா?

---

நூற்பாலை:

செய்யாது. தாழ்வழுத்தப் பக்கம் ஆர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள சுமை, டெல்டாவில் ஒரு சுருளில் மட்டும் மின்னோட்டத்தை எடுக்கும். அது இரண்டு லைன்களில் போய்வரும் மின்னோட்டமாகவே 11 கே.வி.யில் தெரியும். மூன்று லைன்களின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியமே. சமச்சீரான மூன்றாம் ஹார்மோனிக்கும் டெல்டாவுக்குள்ளேயே சுற்றும். ஆனால் அது இலவசமல்ல. சுற்றும் மின்னோட்டம் சுருளைச் சூடாக்கும். மாலை நேர எண்ணெய் வெப்பத்தை எழுதிவையுங்கள். இதே சுமையை டெல்டா இல்லாத ஸ்டார்-ஸ்டார் மின்மாற்றியில் போட்டிருந்தால், சமன்படாத காந்தப் பாயம் தொட்டிச் சுவர் வழியாகத் திரும்பித் தொட்டியையே சூடாக்கியிருக்கும், நியூட்ரல் முனையும் இடம்பெயர்ந்திருக்கும்.

---

பனியன்பேட்டை:

அப்படியானால் ரிலே அமைப்பை 40 சதவீதத்துக்கு ஏற்றிவிடலாமா? மேலாளர் அதைத்தான் சொல்கிறார்.

---

பழைய ரிலே:

வேண்டாம். 320 ஆம்பியருக்குக் கீழுள்ள எர்த் ஃபால்ட் எதையும் பார்க்காத ரிலே யாருக்கு? சி.டி.யை இடம்மாற்றுங்கள். நியூட்ரலும் எர்த் பட்டையும் பிரிந்த பிறகு, பட்டைப் பக்கத்தில் மாட்டுங்கள். ஃபேஸ் எங்காவது உடலைத் தொட்டால் அந்த மின்னோட்டம் எர்த் வலை வழியாக இந்தப் பட்டையில்தான் ஏறி ஸ்டார் முனைக்குத் திரும்ப வேண்டும். சமனற்ற சுமையும் ஹார்மோனிக்கும் நியூட்ரல் வழியாகப் போய்விடும், சி.டி.யின் கண்ணில் படாது. பட்டைகள் இரண்டு இருப்பதால், அவை பிரிவதற்கு முந்தைய பொது இணைப்பில் மாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் மாட்டினால், நீங்கள் கண்ட 17-2 பிரிவைப் போலவே ஃபால்ட் மின்னோட்டமும் பிரிந்து போய்விடும். சிறிய விகிதமுள்ள சி.டி. போட்டால் அமைப்பையும் தாராளமாகக் கீழே இறக்கலாம்.

ஆனால் இதெல்லாம் ஆலைக்குள் இரண்டாவது நியூட்ரல்-எர்த் இணைப்பு இல்லாதவரைதான் சரியாக நடக்கும். இருந்தால் ஃபால்ட் மின்னோட்டத்தின் ஒரு பங்கு நியூட்ரல் வழியாக நழுவிவிடும். சுமை மின்னோட்டத்தின் ஒரு பங்கு பட்டையில் ஏறிவிடும். மிச்சமுள்ள 4 ஆம்பியரைக் கண்டுபிடிக்காமல் சி.டி.யைத் தொடாதீர்கள். டி.ஜி. செட் (டீசல் ஜெனரேட்டர்) இருக்கிறதா? சேஞ்ச் ஓவர் (மின்மாற்றியிலிருந்து டி.ஜி.க்கு மாற்றும் சுவிட்ச்) மூன்று துருவமா, நான்கா?

---

பனியன்பேட்டை:

மூன்று துருவம். டி.ஜி.யின் ஸ்டார் முனைக்குத் தனியாக இரண்டு எர்த் குழிகள். நீங்கள் கேட்ட பிறகு போய்ப் பார்த்தேன்: டி.ஜி. அணைந்து கிடக்கிறது, அதன் நியூட்ரல் எர்த் பட்டையிலோ 3.4 ஆம்பியர் ஓடுகிறது!

---

பழைய ரிலே:

அதுவேதான். மூன்று துருவச் சேஞ்ச் ஓவரில் நியூட்ரலை எதுவும் துண்டிப்பதில்லை என்பதால், டி.ஜி. ஓடாதபோதும் அதன் ஸ்டார் முனை பேனல் நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கே அது இரண்டாம் முறை எர்த் ஆகிறது.

---

மேட்டூர்க்காற்று:

டி.ஜி.யின் எர்த் பட்டையைக் கழற்றிவிட்டால் முடிந்ததே? மின்மாற்றியின் எர்த்தே இரண்டுக்கும் போதுமே.

---

பழைய ரிலே:

மின்மாற்றி இணைப்பில் இருக்கும் வரை போதும். பராமரிப்புக்காக மின்மாற்றியின் நியூட்ரலைக் கழற்றிவிட்டு டி.ஜி.யில் ஆலையை ஓட்டும் நாளில், எர்த்தே இல்லாத டி.ஜி.தான் மிஞ்சும், முதல் எர்த் ஃபால்ட் யாருக்கும் தெரியாது. மின் ஆய்வாளரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நான்கு துருவச் சேஞ்ச் ஓவர் போடுவதே முறை. ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: நியூட்ரல் துருவம் இணையும்போது முதலிலும் பிரியும்போது கடைசியிலும் செயல்பட வேண்டும். ஃபேஸ்கள் மூடியிருக்க நியூட்ரல் மட்டும் ஒரு கணம் திறந்திருந்தால், மேலே சொன்ன 364 வோல்ட் கதை உங்கள் சர்வோ போர்டுகளில் நடக்கும்.

---

பனியன்பேட்டை:

நான்கு துருவச் சேஞ்ச் ஓவர் மாட்டியாயிற்று. சி.டி.யையும் பொது எர்த் பட்டைக்கு மாற்றிவிட்டோம். அமைப்பு 40 ஆம்பியர். மாலை ஷிப்டு ஓடும்போது பட்டையில் இப்போது 0.6 ஆம்பியர், ரிலே அதன் பிறகு டிரிப் ஆகவில்லை. அந்த 0.6ஐயும் தேட வேண்டுமா?

---

நூற்பாலை:

ஒவ்வொரு சர்வோ டிரைவின் உள்ளேயும் ஃபேஸிலிருந்து உடலுக்குச் சிறு ஃபில்டர் மின்தேக்கிகள் இருக்கும். ஒன்றுக்கு ஒரு மில்லி ஆம்பியர் அளவில் கசிந்தாலும், சில நூறு இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் அரை ஆம்பியரை எட்டக்கூடும். இரவு ஷிப்டு முடிந்து இயந்திரங்கள் அனைத்தையும் அணைத்த பிறகு பட்டையை ஒரு முறை பிடித்துப் பாருங்கள். அப்போது அது மறைந்துவிட்டால் தேட எதுவுமில்லை. மறையாவிட்டால், விளக்கு டி.பி.க்களின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்து, நியூட்ரல் பட்டியின் கடைசித் திருகில் பச்சை வயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.